சிவப்பு பலூன் இல்லாத மேஜை

கல்லூரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கொழுந்தனுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் மத்தியானச் சாப்பாடு அம்பேல்.

பின்சீட்டிலிருந்து இறங்கிய அண்ணிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பசி, தூக்கம், மாமியார் என்று எல்லாவற்றையும் கேஸ் முடிகிற வரைக்கும் ஒத்திப்போடுகிற ஆள் அவள். ஊரில் துப்பறிகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். புருஷனின் தம்பியை உதவியாளனாக வைத்துக்கொண்டு துப்பறிகிறவள் அவள் ஒருத்திதான். நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் கொழுந்தன் அவளிடம் சேர்ந்தான். நல்ல வேலை அவனைத் தேடி வரவில்லை, அவனும் போய் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

"என்ன கேஸ் அண்ணி? கொலையா, கொள்ளையா?"

"கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற போட்டி. பள்ளிக்கூடப் பசங்களுக்கு."

"கொலையே தேவலையே அண்ணி! பொணம் நம்மளத் திருப்பிக் கேள்வி கேக்காது. இதுங்க நமக்கே டெஸ்ட் வெச்சிடும்."

"வாயை மூடிக்கிட்டு வா."

மாடிப்படியில் ஒரு டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது அவளே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். அண்ணியைப் பார்த்ததும் அணை உடைந்தது.

"என் பொண்ணுங்க ஜெயிச்சுட்டாங்கடி!"

"அதுக்கா இந்த அழுகை?" என்றாள் அண்ணி.

"கேள்வி முன்னாடியே தெரிஞ்சுதான் போட்டாங்கன்னு புகார் குடுத்துட்டாங்கடி. சீஃப் கெஸ்ட் வர்றதுக்குள்ள முடிவு பண்ணிடுவாங்களாம். ரத்துன்னு சொல்லிட்டா எங்க ஸ்கூலையே இனிமே உள்ள விட மாட்டாங்க. முதல் இடம் வந்தா இந்தக் காலேஜ்லயே நேரா சீட்டு. என் டீம் கேப்டனுக்கு இதை விட்டா வேற வழியே இல்லடி. படிச்சது போதும், கடையில வந்து உக்காருன்னு வீட்டுல சொல்லிட்டாங்க."

"பொண்ணுங்க என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது. முடிவு அறிவிக்கிற வரைக்கும் பசங்க யாரும் ஹாலை விட்டு வரக்கூடாதாம். ஜெயிச்சுட்டோம்னு உள்ள சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க." சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அழுதாள்.

ஹாலுக்கு வெளியே சுவரில் போட்டி விதிகளை ஒட்டியிருந்தார்கள். அண்ணி அதன் முன்னால் நின்றாள். எந்தக் கேஸாக இருந்தாலும் முதலில் சுவரைப் படிப்பது அவள் வழக்கம். அவளுக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துவிடும் என்பதால் வாய்விட்டுப் படிப்பது கொழுந்தனின் உத்தியோகம்.

"ஓர் அணிக்கு மூவர். மூவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. நம்ம வீட்டு பாத்ரூம் மாதிரி அண்ணி."

"மேல படி."

"மொத்தம் எட்டு கேள்விகள், எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில். அதிகக் கேள்விகளுக்கு விடை எழுதிய அணிக்கு முதலிடம். தவறான விடை அனுப்பினால் இருபது நிமிட அபராதம். ஐயோ, வீட்டுல இந்த விதி இருந்தா அண்ணன் இந்நேரம் ஆயுள் தண்டனையில இருப்பார்."

"மேல."

"சரியான விடைக்கு ஒரு பலூன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிறம். அச்சிட்ட தாள்கள் கொண்டுவரலாம், ஃபோன் கூடாது. போட்டி நேரத்தில் பயிற்சியாளர் அணியோடு பேசக் கூடாது. போட்டியாளரின் ரத்த உறவினர் எவரும் கேள்விக் குழுவில் இருக்கக் கூடாது. அப்பாடா, கடைசியில ரத்தம்னு ஒரு வார்த்தையாவது வந்துச்சு. இப்பதான் துப்பறியற கேஸ் மாதிரி இருக்கு."

உள்ளேயிருந்து தலைமை நடுவர் வந்தார். அந்தக் கல்லூரியின் பேராசிரியர். எட்டு கேள்விகளையும் தயார் செய்தவர் அவர்தான். அடையாள அட்டை பின்பக்கம் தெரியும்படி திரும்பிக் கிடந்தது. அவரை ஒட்டியே, சட்டைப் பையில் நாலு பேனாவும் முகத்தில் நாற்பது கோபமுமாக ஒருவர் வந்தார். போன வருடம் ஜெயித்த பையன்களின் பயிற்சியாளர். புகார் கொடுத்த மகானுபாவர் இவர்தான்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்று கோச் எடுத்த எடுப்பிலேயே எகிறினார். "எல்லாரும் முதல் கேள்வியில ஆரம்பிச்சாங்க. இந்தப் பொண்ணுங்க நேரா கடைசிக் கேள்வியில போய் உக்காந்தாங்க. எட்டுலயே பெரிய கஷ்டம் அதுதான். அதுக்குத்தான் முதல் பலூன் வாங்கியிருக்காங்க. முன்னாடியே தெரியாம எவனாவது அங்க போய்க் கை வைப்பானா?"

"உங்க பசங்க எத்தனாவது சார்?" என்று அண்ணி கேட்டாள்.

கோச்சின் காது சிவந்தது. "பதினோராவது."

"போன வருஷம் முதல் இடம், இந்த வருஷம் பதினோராவதா?"

"அதைப் பத்தியா இப்ப பேச்சு?"

கொழுந்தன் இடையில் புகுந்தான். "இல்லை சார், கோபம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாக்கறாங்க."

ஹாலுக்குள் வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையின் காலிலும் நூல் கட்டிப் பலூன்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. காற்றில்லாத கூண்டில் அடைத்துவைத்த மாதிரி பையன்களும் பெண்களும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவரிசையில் ஒரே ஒரு மேஜை மட்டும் உற்சாகமாக இருந்தது. ஏழு பலூன்கள். கீழே மூன்று பெண்கள்: கேப்டன் கண்ணாடி, பக்கத்தில் ரெட்டைப்பின்னல், மூன்றாவது ஒரு வாயாடி. அணிக்கு அரைப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, கடைசிக் கேள்வியில ஏன் ஆரம்பிச்சீங்க?" என்று அண்ணி சாதாரணமாகக் கேட்டாள்.

கண்ணாடி விழித்தாள். "கடைசியா? அதுதானே ஆன்ட்டி முதல்ல இருந்துச்சு?"

"எங்க?"

"அடியில."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். வாயாடி அவன்மேல் இரக்கப்பட்டு விளக்கினாள். "எங்க லேப்ல ஒரு பிரின்டர் இருக்கு அங்கிள். தாளை எழுத்து மேல பாத்த மாதிரி துப்பும். முதல் பக்கம் அடியில போயிடும், கடைசிப் பக்கம் மேல வந்து உக்காந்துக்கும். எடுத்து வரிசையா அடுக்க எங்க மூணு பேர்ல யாருக்கும் பொறுமை கிடையாது. அப்படியே பின் அடிச்சிடுவோம். வருஷம் பூரா அப்படித்தான் பழகறோம். இன்னைக்குத் தாளைக் கையில குடுத்ததும் திருப்பிப் போட்டுட்டோம், கை தானா போயிடுச்சு."

"அங்கிள்னு கூப்பிட்டதை வாபஸ் வாங்கு. மத்ததெல்லாம் நம்பறேன்" என்றான் கொழுந்தன்.

"அது கஷ்டம்னு தெரியலையா உங்களுக்கு?" என்றாள் அண்ணி.

"தெரியுமே! எப்பவும் மூளை சூடாகற வரைக்கும் எங்களுக்கு முதல்ல வர்றது கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போக ஈஸியாயிடும். எல்லாருக்கும் அப்படித்தானேன்னு நெனச்சோம்" என்றாள் ரெட்டைப்பின்னல்.

அவர்கள் கொண்டுவந்திருந்த அச்சிட்ட தாள்களை அண்ணி கையில் எடுத்தாள். ஒரு கட்டு, இரண்டு கட்டு, கையில் அகப்பட்ட எல்லாக் கட்டும் கடைசிப் பக்கம் மேலே இருக்கும்படியே பின் அடித்துக் கிடந்தன. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு சாட்சி வேறெங்கும் கிடைக்காது.

தலைமை நடுவரும் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது, உடனே போயும் விட்டது. "நான் நம்பறேம்மா. ஆனா கோச் விட மாட்டார். கேள்வி வெளிய போகவே இல்லைன்னு நிரூபிச்சாத்தான் கமிட்டி ஒத்துக்கும்."

"பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அண்ணி தாள்களைக் கீழே வைத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தபடியே வரிசை வரிசையாக நடக்க ஆரம்பித்தாள்.

எதிரே வந்த நாற்காலியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டாள். கொழுந்தனும் அண்ணாந்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பு, மஞ்சள். கடைசி மூலையில் கேள்வித்தாளின் பின்பக்கம் நடுவரின் படத்தை மீசையோடு வரைந்து வைத்திருந்த ஒரு கூட்டத்துக்குக்கூட ஒரு சிவப்பு இருந்தது. சிவப்புதான் முதல் கேள்வி. பரம எளிது. கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பத் தெரிந்தவனெல்லாம் அதைப் போட்டுவிட்டான்.

அண்ணி சட்டென்று நின்றாள். அரைப்புள்ளிக்குப் பக்கத்து மேஜைதான் அது. ஆரஞ்சு, ரோஸ், வெள்ளை, ஊதா. நாலே நாலு. கீழே ஒல்லியாக ஒரு பையனும் அவன் கூட்டாளிகள் இருவரும். மூன்று பேரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரு டீம்?"

"கோச் டீம். போன வருஷ சாம்பியன்" என்றார் நடுவர்.

"கடைசி நாலு கேள்வி போட்டிருக்காங்க. முதல் நாலு போடல."

"மாடியில ஏறிக் குதிக்கிறவனுக்கு வாசப்படி தாண்டத் தெரியலையா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

நடுவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "பாவம், அந்தப் பையனுக்கு இன்னைக்கு நேரம் சரியில்லை. காலையில ஒரு வாய்கூட சாப்பிடல. வெறும் வயித்துல மூளை எப்படி ஓடும்?"

அண்ணி அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மூலையில் கணினிப் பொறுப்பாளரிடம் போனாள். எந்த அணி எதை எத்தனை தடவை அனுப்பியது என்பதெல்லாம் அவர் திரையில் இருந்தது. சாம்பியன் அணி முதல் நாலு கேள்விகளுக்கு எத்தனை விடை அனுப்பியது என்று கேட்டாள். பொறுப்பாளர் தட்டிப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட அனுப்பல மேடம். தப்பாக்கூட அனுப்பல."

அண்ணி நடுவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கொழுந்தன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். கோச் அந்தப் பக்கம் பயிற்சியாளர்கள் அறையில் யாரிடமோ நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், விடை தெரியலைன்னா பையன் நாலு தடவை தப்பா அனுப்புவான். நேரம் பத்தலைன்னா லேசானதை முதல்ல போடுவான். தொடவே இல்லைன்னா, தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கான்னு அர்த்தம். கேள்வி வெளிய போயிருக்கு. போனது அந்தப் பொண்ணுங்க மேஜைக்கு இல்லை."

"என்னம்மா சொல்றீங்க?"

"நீங்க சொல்லுங்க. பையன் காலையில சாப்பிடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடுவர் திரும்பிக் கிடந்த அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"எங்க வீட்டுலதான் தங்கியிருக்கான்" என்றார் கடைசியில். "என் பொண்டாட்டியோட தங்கச்சி பையன். கோச்தான் அவனுக்கு அப்பா."

கொழுந்தன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "அப்ப கோச் உங்களுக்கு..."

"சகலை."

"நீங்க அந்தப் பையனுக்குப் பெரியப்பா! சார், சுவத்துல ஒட்டியிருக்கறது உங்க கையெழுத்துப் போட்ட விதிதானே? உறவுக்காரங்க கேள்விக் குழுவுல இருக்கக் கூடாதுன்னு?"

"ரத்த உறவுன்னுதானேப்பா போட்டிருக்கு. சகலைக்கு ஏது ரத்த சம்பந்தம்?" பேராசிரியர் இதை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"இவனுக்கும் எனக்கும்கூட ரத்த சம்பந்தம் இல்லை சார். மூணு வேளையும் என் வீட்டுலதான் சாப்பிடறான்" என்றாள் அண்ணி. "கேள்வியை உங்க சகலைகிட்ட காட்டினீங்களா?"

"காட்டணும்னு காட்டல. நான் காலேஜ் வாத்தியார். பள்ளிக்கூடப் பசங்களுக்கு எது லேசு, எது கஷ்டம்னு எனக்கு என்ன தெரியும்? அவன்தானே தினமும் பசங்களோட கெடக்கறான். வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். முதல் நாலு கேள்வியை மட்டும் காட்டி, இது லேசா இருக்குமாடான்னு கேட்டேன். ரொம்ப லேசுன்னான். அத்தோட மறந்துட்டேம்மா."

"அவர் மறக்கல போலிருக்கு" என்றான் கொழுந்தன்.

ஒல்லிப் பையனை வராந்தாவுக்கு வரவழைத்தார்கள். பெரியப்பாவைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"முதல் நாலு கேள்வியை ஏன்ப்பா தொடல?"

"டைம் இல்லை ஆன்ட்டி."

"எட்டுலயே கஷ்டமான ஊதா பலூனுக்கு மட்டும் டைம் இருந்துச்சா?"

அண்ணி அவனை அதட்டவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

"பக்கத்து மேஜைப் பொண்ணுங்களை ரத்து பண்ணப் போறாங்க, தெரியுமா உனக்கு? கேள்வி முன்னாடியே தெரியும்னு புகார். அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுக்கு அதோட படிப்பே நின்னுடும்."

பையன் சடாரென்று நிமிர்ந்தான். "பொய் ஆன்ட்டி! அவங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்துலதானே இருந்தேன்? ஊதாக் கேள்விக்கு மூணு பேரும் போட்ட சண்டை இருக்கே, கீபோர்டே பறந்திருக்கும். தெரிஞ்சவங்க அப்படி அடிச்சுக்குவாங்களா? எந்த லூசு அந்தப் புகாரைக் குடுத்தது?"

கொழுந்தனுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"உங்கப்பாதான்" என்றாள் அண்ணி.

பையனின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. நிறைந்த கண்ணோடு கடகடவென்று சொல்லிவிட்டான்.

"போன வாரம் பயிற்சின்னு அப்பா நாலு கணக்கு குடுத்தார். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போட்டோம். இன்னைக்குத் தாளைப் பிரிச்சா அதே நாலு. மூணு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அந்த நாலையும் விட்டுடுவோம்னு முடிவு பண்ணோம். கடைசி நாலு யாருக்கும் தெரியாதது. அதை மட்டும் போட்டோம்."

"நடுவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அப்பா வேலை போயிடும் ஆன்ட்டி. தோத்துட்டா விஷயம் எங்களோட முடிஞ்சுடும்னு நெனச்சோம்."

பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொழுந்தன் பார்த்த வரையில் அவர் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார், இல்லை படிக்கிற மாதிரி நின்றிருந்தார்.

பயிற்சியாளர்கள் அறைக்கு முதலில் போனது பையன்தான். அண்ணி அவனைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உள்ளே டீச்சர் ஓர் ஓரத்தில் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கோச் நாலு பேருக்கு நடுவில் நின்று, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேர்மையே கிடையாது என்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"நீ ஏன்டா ஹாலை விட்டு வந்தே?"

"அப்பா, அந்த நாலு கணக்கைப் பத்தி நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"எந்த நாலு கணக்கு? என்னடா உளர்றே? வெளிய போ!"

பையன் போகவில்லை. கோச் வாசலைப் பார்த்தார். வாசலில் சகலை நின்றிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கோச்சுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலு பேனாவில் ஒன்றை உருவினார், எதற்கு உருவினோம் என்று தெரியாமல் திரும்பச் செருகினார்.

"சரி, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் தொண்டைக்குள்.

"வாபஸ் வாங்கினா சந்தேகம் அந்தப் பொண்ணுங்க மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும் சார். கூட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அண்ணி.

கோச் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கேள்வி கசிஞ்சது என் மூலமா. என் பசங்களுக்கு நான்தான் குடுத்தேன். அந்தப் பொண்ணுங்க மேல ஒரு தப்பும் இல்லை."

டீச்சர் பெரிய சத்தமாக அழுதாள். இந்தத் தடவை அது எந்த வகை அழுகை என்று யாரும் கேட்கவில்லை. நடுவர் தன் அடையாள அட்டையைக் கழற்றிக் கமிட்டியில் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பரிசை அவரையே அறிவிக்கச் சொன்னார். தெரிந்த கேள்வியைப் பயன்படுத்திய அணியைத்தான் ரத்து செய்யலாம், இந்தப் பையன்கள் பயன்படுத்தவே இல்லையே என்று அண்ணி எடுத்துச் சொன்னாள். அதனால் பதினோராவது இடம் அவர்களுக்கே நின்றது. கோச் இனிமேல் எந்தப் போட்டிக்கும் அணியைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹால் பக்கமிருந்து வாயாடியின் கூச்சல் மூன்று சுவர் தாண்டிக் கேட்டது.

எல்லாரும் கைதட்ட அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கொழுந்தன் அண்ணியின் கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தபோது அறையில் அப்பாவும் மகனும் மட்டும் இருந்தார்கள். கோச் நாற்காலியில் சரிந்திருந்தார். இன்னும் அவருக்கு ஒரே விஷயம்தான் ஆறவில்லை.

"கையில கொண்டுவந்து குடுத்தேனேடா. சின்னக் குழந்தைகூட போடுற கணக்கு. அந்தச் சிவப்பையாவது போட்டிருக்கக் கூடாதா?"

பையன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அப்பாவின் பையையும் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"நீங்க குடுக்காம இருந்திருந்தா எட்டையும் போட்டிருப்பேன்பா."